திருச்சி மலைக்கோட்டைப் பல்லவர் குடைவரையில் அப்படி என்ன சிறப்பு இருக்கிறது?

உச்சிப்பிள்ளையாரைத் தரிசிக்கப் போகும் வழியில் மகேந்திரவர்மன் கட்டிய குகைக்கோயில் ஒன்று இருக்கிறது, உள்ளே சில தூண்களும் ஒரே ஒரு சிற்பமும்தான், கருவறையிலும் சாமி இல்லை, இதை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். படியேறிய களைப்பில் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு மேலே போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்களைக் குறை சொல்லவில்லை. அந்த மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்த நானும் பதினைந்து வயது வரை அப்படித்தான் கடந்து போயிருக்கிறேன்.

முதலில் "கட்டிய" என்ற சொல்லைப் பற்றி. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் "மகேந்திரவர்மன் குடைவரைக் கோயில்களைக் கட்டினான்" என்றுதான் எழுத வைத்தார்கள். நான் ஒருமுறை "குடைந்தான்" என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அது எனக்கு ஆறவில்லை, ஏனென்றால் இந்தக் கோயிலைப் புரிந்துகொள்வதற்கான வழியே அந்த வினைச்சொல்லில்தான் இருக்கிறது. தன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை (சுண்ணாம்புச் சாந்து) ஆகியவை இல்லாமல் பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்ததாக, அதாவது கட்டாமல் பாறையைக் குடைந்தே எடுத்ததாக, அந்த மன்னனே பெருமையோடு சொல்லிக்கொள்கிறான்.

என் தாய்மாமா கல்தச்சர். அவர்தான் ஒருநாள் என் கையைப் பிடித்து உள்ளே நிறுத்தி, "மாப்ள, ஊர்ல செய்யிற சிலைல மூக்கு பேந்துட்டா வேற கல்லு எடுத்துக்குவோம். இங்க வேற கல்லுக்கு எங்க போறது?" என்றார். பாறை முகத்தைச் சமன்செய்து, மேலிருந்து கீழாகவும் முன்னிருந்து உள்ளாகவும் கல்லை எடுத்துக்கொண்டே போக வேண்டும். இங்கே தூண் என்பது நிறுத்தியதன்று, வெட்டாமல் விட்டது. மாமல்லபுரத்தில் பாதியில் நின்றுபோன குடைவரைகளில், பாறையைச் சதுரம் சதுரமாகக் காடியிட்டுப் பிரித்து உடைத்த தடம் இன்றும் தெரிவதால், அந்த முறை நமக்குத் தெளிவாகவே விளங்குகிறது. திருச்சியில் முகப்புத் தூண்களை அருகில் போய்ப் பாருங்கள். அடியிலும் தலையிலும் சதுரம், இடையில் எட்டுப் பட்டைக் கட்டு, சதுரத்தில் தாமரைப் பதக்கம், மேலே உத்திரத்தைத் தாங்கும் போதிகை. ஒரே பாறைக்கு உத்திரமும் போதிகையும் தேவையே இல்லை. ஆனாலும் மரத்தில் கோயில் எடுத்துப் பழகிய கைகள் கல்லிலும் அந்த உறுப்புகளை விடாமல் செதுக்கியிருக்கின்றன.

இனி அந்த "ஒரே ஒரு சிற்பம்". குடைவரை தெற்கு நோக்கியது. கருவறை கிழக்குச் சுவரில் மேற்கு நோக்கி இருக்கிறது. அதற்கு நேர் எதிரே மேற்குச் சுவர் முழுவதையும் கங்காதரர், அதாவது கங்கையைச் சடையில் ஏற்கும் சிவன், நிறைத்திருக்கிறார். ஒரு கால் பூதகணத்தின் தலைமேல், ஒரு கை இடுப்பில், ஒரு கையில் பாம்பு. இன்னொரு கை சடையில் ஒரே ஒரு புரியை மட்டும் பிரித்து உயர்த்திப் பிடித்திருக்க, கை கூப்பிய சின்னஞ்சிறு பெண்ணாகக் கங்கை அதை நோக்கி இறங்குகிறாள். உலகையே அடித்துக்கொண்டு போகும் வேகத்தோடு வந்தவள் இங்கே கூப்பிய கையோடு வருகிறாள். அவரிடமோ தடுக்கும் முயற்சியின் இறுக்கம் எங்கும் இல்லை. அந்த விரல்கள் புரியைப் பிடித்திருக்கும் விதத்தைப் பத்து நிமிடமாவது பாருங்கள். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் வெளிச்சம் தூண்களுக்கிடையே பக்கவாட்டில் விழும்போது அது நன்றாகத் தெரியும்.

சிற்பத்தின் இருபுறமும் உள்ள அரைத்தூண்களில் பல்லவ கிரந்த எழுத்தில் வடமொழிப் பாடல்கள் இருக்கின்றன. (தமிழை விட்டு வடமொழியைப் புகழ்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், அங்கே வெட்டப்பட்டிருப்பதைத்தான் சொல்கிறேன்.) பூமியில் ஒரு கோயிலில் இருந்துகொண்டு சோழரின் செழிப்பையும் காவிரியையும் நான் எப்படிக் காண்பேன் என்று சிவன் கேட்டதாகவும், அதனால் மன்னன் இந்த மலைக்கோயிலை அமைத்ததாகவும் ஒரு பாடல் கூறுகிறது. ஆறுகளை விரும்புகிறவர் சிவன். சோலைகளை மாலையாக அணிந்த காவிரியைக் கண்டு மயங்கிவிடுவாரோ என்று அஞ்சி, மலைமகள் பிறந்த வீட்டை விட்டு இந்த மலையிலேயே வந்து தங்கி, இந்த ஆறு பல்லவனின் காதலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்கிறது மற்றொன்று. ஒரு நதியைச் சடையில் ஏற்கும் சிவனை ஏன் இந்த ஊரில், இந்த மலையில் செதுக்கினார்கள் என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? மாற்றுநெறியிலிருந்து திரும்பியதைக் குறிக்கும் சிலேடைப் பாடலும் அங்கே உண்டு. அது மன்னன் சமணத்தை விட்டதைச் சொல்கிறதா, தருக்கநூல் சொற்களை வைத்து ஆடிய விளையாட்டு மட்டுமா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். நான் அதற்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி உடையவன் அல்லன். கோயிலின் பெயரிலும் இந்தச் சொல்லழகு இருக்கிறது: லளிதாங்குர பல்லவேசுவர கிருகம். அங்குரம் என்றால் முளை, பல்லவம் என்றால் தளிர்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டு நான் மறுபடி போனபோது மாமா உயிருடன் இல்லை. அன்று ஒரு கூட்டத்தை அழைத்து வந்தவர், "இது சும்மா ராஜா ஓய்வெடுத்த மண்டபம், உள்ளே ஒன்றும் இல்லை" என்று சொல்லி மேலே அழைத்துப் போனார். தூணில் யாரோ ஆணியால் தன் பெயரையும் இன்னொரு பெயரையும் கீறியிருந்தார்கள். மூக்கு பேந்தால் மாற்றக் கல் இல்லாத இடத்தில் ஆணி கொண்டு கீறுகிறவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த முறை போனால், காலிக் கருவறைக்கு முதுகைக் காட்டி நின்று கங்காதரரைப் பாருங்கள். அங்கிருந்த லிங்கம் எதைப் பார்த்தபடி இருந்திருக்கும் என்பது தெரியும். பிறகு உச்சிக்கு ஏறி வடக்கே திரும்புங்கள். நான் போனது ஆவணி மாதம். காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மலைமகள் அஞ்சியதில் தவறே இல்லை என்று தோன்றியது.