சிஸ்டம் டைனமிக்ஸ் என்றால் என்ன? மனிதர்களின் நடத்தையை அதில் எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு சிக்கலில் எது சேர்கிறது, எது கரைகிறது, ஒரு முடிவின் விளைவு எவ்வளவு தாமதமாகத் திரும்பி வருகிறது என்பதையெல்லாம் சமன்பாடுகளாக எழுதி, கணினியில் ஓட்டிப் பார்க்கும் முறை இது. 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜே ஃபாரஸ்டர் என்ற பொறியாளர் தொடங்கி வைத்தார்.

அவர் கையில் எடுத்த முதல் சிக்கலே சுவாரசியமானது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆலைகளில் சில காலம் ஷிஃப்ட் மேல் ஷிஃப்டாக வேலை நடக்கும்; சில ஆண்டுகள் கழித்துப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவார்கள். சந்தை ஏற்ற இறக்கம்தான் காரணம் என்றது நிர்வாகம். ஃபாரஸ்டர் காகிதத்திலேயே கணக்குப் போட்டார். ஆர்டர் சீராக வந்தாலும் ஆள் எண்ணிக்கை ஏறி இறங்கத்தான் செய்தது! ஆள் எடுக்கும் விதிகளும் சரக்கு இருப்பு விதிகளுமே அந்த ஆட்டத்தைக் கிளப்பின.

விதிகள் இப்படி ஆட்டம் காட்டக் காரணம் தாமதம். வெந்நீர்க் குழாயைத் திருகியதும் சூடு வராது. பொறுமையிழந்து இன்னும் திருகுவோம், அப்புறம் சுட்டுவிடும். இத்தனைக்கும் நாம் முட்டாள்கள் இல்லை. அந்த நொடியில் தெரிந்ததை வைத்து நியாயமாகத்தான் நடந்துகொண்டோம். அரசின் கொள்கைகள் பலவும் இப்படித்தான் தடுமாறுகின்றன.

இதை ஜோசியம் மாதிரி நினைப்பவர்கள் உண்டு. அடுத்த ஆண்டின் எண்ணைத் துல்லியமாகச் சொல்வது இதன் வேலையல்ல. ஒரு கொள்கையை மாற்றினால் போக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்று சோதிப்பதுதான்.