கீரைச் சுண்டலுக்குக் கடலை தேவையில்லை, தங்கச்சி

திருச்சியிலிருந்து கல்யாணமாகி இலங்கை மலையகத்துல இருக்கிற அட்டனுக்கு வந்திருக்கீங்க. மாமியார் "கோவாவச் சுண்டல் போட்டுரு"ன்னதும் கடலை ஊறப்போட்டேன், பேச்சு வாங்கினேன்னு எழுதியிருந்தீங்க. இதுக்குப் போய்க் கண்கலங்காதீங்க. உங்க ஊர்ச் சுண்டல் வேற, இங்க கீரை, கோவா மாதிரி எதையாவது தேங்காய் போட்டு வதக்குறதுதான் சுண்டல்.

கோவான்னா முட்டைக்கோஸ். அதை மெல்லிசா நறுக்கி, வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய் (மிளகாய்தான்), மஞ்சள், உப்பு போட்டுப் பிசறி, தண்ணி ஊத்தாம சட்டியில வைங்க. அதோட ஈரமே போதும். வாடினதும் தேங்காய்ப்பூவை, அதாவது துருவின தேங்காயைத் தூவி நாலு கிளறு, உடனே இறக்கிடணும். பச்சை நிறம் போகக் கூடாது, அதுதான் கணக்கு. தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, இறக்கின பிறகு பிழிங்க. வல்லாரை, முருங்கை இலை எல்லாத்துக்கும் இதே கைதான். யாழ்ப்பாணத்துல இதை வறைம்பாங்க.

இன்னொண்ணு முக்கியம். ரொட்டிக்குக் கோதுமை மா எடுன்னு சொன்னா ஆட்டாவைத் தொடாதீங்க. இங்க அந்தப் பேர் உங்க மைதாவுக்கு. தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைஞ்சு, சப்பாத்தி மாதிரி இல்லாம தடிப்பாத் தட்டிச் சுடணும். கூடவே கொச்சிக்காய்ச் சம்பல்.

போஞ்சி பீன்ஸ், சாயத்தண்ணி பால் விடாத டீ, சீனி வெள்ளைச் சர்க்கரை. இதெல்லாம் தானாப் பழகிடும்.

உங்க மாமியார்கிட்ட ஒருநாள் பக்கத்துல நின்னு, "நீங்க செய்ங்க, பார்க்கிறேன்"னு கேளுங்க. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அடுப்படியில வளர்ந்தவங்க யாரும் அதை மறுக்க மாட்டாங்க. வேற எந்தப் பேர் குழப்பினாலும் இங்கயே கேளுங்க.