பல்கலைக்கழகத் தொடர்பியல் படிப்பில் எதைக் கற்பிக்க வேண்டும்?

நான் காட்சித் தொடர்பியல் இறுதியாண்டு மாணவி. ‘விஸ்காம்’ என்று சொன்னால்தான் என் வீட்டாருக்கே புரியும். என்னைக் கேட்டால், கையில் கிடைக்கும் ஓர் அறிக்கையைப் பொருள் சிதையாமல் படித்து, அதைப் படிக்க வாய்ப்பில்லாதவருக்குத் தமிழில் எடுத்துச் சொல்வதைத்தான் முதலில் கற்பிக்க வேண்டும். கேமராவும் எடிட்டிங்கும் பிறகு வரட்டும்.

சென்ற வடகிழக்குப் பருவமழையின்போது ஒரு நாளிதழில் பயிற்சியில் இருந்தேன். வானிலை அறிக்கையைச் சுருக்கித் தரச் சொன்னார்கள். ‘ஓரிரு இடங்களில் கனமழை முதல் மிக கனமழை வரை பெய்யக்கூடும்’ என்றிருந்ததை, ‘மாவட்டம் முழுவதும் பேய்மழை கொட்டும்’ என்று எழுதிக் கொடுத்தேன். ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நன்றாகக் கடைப்பிடித்ததாகவே அப்போது நினைப்பு. தாளைப் பார்த்த மூத்த உதவி ஆசிரியர், “ஏம்மா, ஓரிரு இடம்னா எத்தனை இடம்?” என்றார். எனக்குத் தெரியவில்லை.

அது பொத்தாம்பொதுவான சொல் அன்று. மழை அளக்கும் நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாத இடங்கள் என்பது அதன் பொருள். ‘சில’, ‘பல’, ‘பெரும்பாலான’ என்பவற்றுக்கும் அப்படியே தனித்தனி வரையறை உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.5ஐத் தாண்டினால் மிக கனமழை, 204.4ஐயும் தாண்டினால் அதிகனமழை. ‘பேய்மழை’க்கு வானிலைத் துறையின் அட்டவணையில் இடமில்லை. நான் எழுதியது அச்சேறியிருந்தால், அறுவடைக்கு நாள் குறித்த ஒருவர் வீணாகப் பதறியிருப்பார்.

1948இல் கிளாட் ஷானன் வெளியிட்ட தகவல் தொடர்பு மாதிரியை, அனுப்புநர், பெறுநர், நடுவே செய்தியைச் சிதைக்கும் இரைச்சல் எனப் பெட்டி பெட்டியாகத் தேர்வில் வரைந்து மதிப்பெண் வாங்கியவள் நான். அன்று அந்த இரைச்சல் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது நானேதான். கோட்பாட்டை நீக்கச் சொல்லவில்லை. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஒரு பொறியாளர் சமிக்ஞைகளைப் பற்றி யோசித்து உருவாக்கியது அது என்பதையும், மனிதப் பேச்சுக்கு அது எதுவரை பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன்.

ஊடகச் சட்டத்துக்கும் இதே நிலைதான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 23ஆம் பிரிவு என்று மனப்பாடம் செய்தோம். ஆனால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரை மறைத்துவிட்டுப் பள்ளியையோ தெருவையோ எழுதினாலும் அது அதே பிரிவின்படி குற்றம் என்பதை, ஒரு செய்தியை வரிக்கு வரி அடித்துத் திருத்தும் பயிற்சியாக ஒருநாளும் செய்ததில்லை.

எங்கள் தேர்வுகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. எங்களில் பலர் வேலைக்குப் போவதோ தமிழ் ஊடகங்களுக்கு. ஆகவே பருவத்துக்கு ஒரு தாளையாவது இப்படி நடத்தலாம்: ஒரே வானிலை அறிக்கையை வகுப்பிலுள்ள எல்லோரிடமும் கொடுத்து, மீனவருக்கு ஒன்று, பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒன்று, ஆட்டோ ஒலிபெருக்கிக்கு இரண்டு வரி என எழுதச் செய்து, ஒவ்வொன்றையும் மூல அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்து எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படிக்க வேண்டும்.