அம்பயர் தொலைத்த 'ந'

கேள்வி: நம் ஊர் நாரங்கம்தான் ஆங்கிலத்தில் ஆரஞ்சு ஆயிற்றாம். 'அ நாரஞ்ச்' என்று ஆங்கிலேயர் வேகமாகச் சொல்லப்போய் 'அன் ஆரஞ்ச்' ஆகிவிட்டதாம். வாட்ஸ்அப்பில் வந்தது. நம்பலாமா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: பாதி நம்பலாம். 'ந' விழுந்தது உண்மை. அதைத் தள்ளிவிட்டவர் ஆங்கிலேயர் அல்லர்.

சமஸ்கிருதத்தில் நாரங்கம், பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ் என்று மேற்கே போன சொல் அது. ஸ்பெயின்காரர்கள் இன்றும் 'நரன்ஹா' என்று 'ந'வோடுதான் சொல்கிறார்கள். இத்தாலி, பிரான்ஸ் பக்கம் போனபோது தலை கழன்றது. பிரெஞ்சில் பொன்னுக்கு 'ஓர்' என்று பெயர்; பொன்னிறப் பழமாயிற்றே என்று முதலெழுத்தும் 'ஒ' ஆகிவிட்டது. 1400-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்தபோதே 'ந' இல்லாமல்தான் வந்தது. சமஸ்கிருதத்துக்கு முந்தைய வேர் திராவிடமாக இருக்கலாம் என்பது அகராதிக்காரர்கள் கணிப்பு. நாரத்தையும் மலையாளத்து நாரங்ஙாவும் அந்த உறவுதான். அதை வைத்து 'தமிழேதான்' என்று முத்திரை குத்துவது அவசரம்.

ஆனால் ஆங்கிலேயர் இந்த விஷயத்தில் நிரபராதிகளும் இல்லை. அம்பயரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிரெஞ்சில் 'நான்பேர்': 'நான்' என்றால் அல்லாத, 'பேர்' என்றால் இணை. ஜோடி சேராதவர். இரண்டு தரப்பு மல்லுக்கு நிற்கும்போது எந்தப் பக்கமும் சேராத மூன்றாம் ஆள். 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அவர் 'நூம்பேர்'. ஆங்கிலத்தில் 'ஒரு' என்பதற்கு 'அ'; அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் 'அன்'. 'அ நூம்பேர்', 'அன் ஊம்பேர்' இரண்டையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், காதுக்கு வித்தியாசம் தெரியாது. எழுத்தைப் பார்க்காமல் காதை நம்பியே பேசியவர்கள் தப்பான இடத்தில் வெட்டினார்கள். 'தாமரை'யைத் 'தா மரை' என்று வெட்டி நம் புலவர்கள் சிலேடை பாடினார்கள், தெரிந்தே. அங்கே தெரியாமல் நடந்து, அகராதியிலும் ஏறிவிட்டது.

சமைக்கும்போது உடை அழுக்காகாமல் முன்னால் கட்டிக்கொள்ளும் ஏப்ரனும் அப்படித்தான், முன்பு 'நேப்ரன்'. மேஜை விரிப்புக்கான பிரெஞ்சுச் சொல் 'நாப்'. அதன் வழி வந்தது. கூடப் பிறந்த நாப்கின் மட்டும் 'ந'வைப் பத்திரமாக வைத்திருக்கிறது. விரியன் வகைப் பாம்புக்கு ஆங்கிலத்தில் 'ஆடர்'. பழைய ஆங்கிலத்தில் 'நேட்ரெ', ஜெர்மனியில் இன்றும் 'நாட்டர்'.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 'ஈக்' என்றால் கூடுதல், 'ஈக்நேம்' என்றால் கூடுதல் பெயர். 'அன்'னின் 'ன்' இந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டதில் 'நிக்நேம்' பிறந்தது. 1440 வாக்கில் தொகுத்த ஓர் ஆங்கில–லத்தீன் அகராதியில் பழசும் புதுசும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பட்டப்பெயருக்கே ஒரு பட்டப்பெயர்!

இனி இப்படி ஏதாவது வந்தால் இரண்டு இடத்தில் பாருங்கள். உறவு மொழிகளில் அந்த 'ந' இருக்கிறதா? ஆங்கிலத்துக்குள்ளேயே அது முதலில் 'ந'வோடு வந்து, பிறகு சில காலம் இரண்டு வடிவமும் சேர்ந்து புழங்கியதா? நேப்ரனும் ஏப்ரனும் 15-ஆம் நூற்றாண்டில் அப்படிப் புழங்கின. ஆரஞ்சு முதல் கேள்வியில் தேறும், இரண்டாவதில் தோற்கும். முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் உங்களுக்கு வந்த மாதிரி செய்திகளைத் தயாரிக்கிறார்கள்.

வெட்டு இன்னும் நின்றபாடில்லை. 'அனதர்' என்பது 'அன்'னும் 'அதரு'ம் சேர்ந்த சொல். அமெரிக்கர்கள் அதை உடைத்து, நடுவில் 'ஹோல்' செருகி, 'அ ஹோல் நதர்' என்கிறார்கள்.