பசி அடக்கும் கேப்சூல்: நீங்கள் வாங்கியவரா, விற்றவரா?

கேள்வி: பாபநாசம் பக்கத்துக் கிராமம் எங்களுக்கு. 'கள்ளிமுளையானும் கொடம்புளியும்தான், பசியே எடுக்காது' என்று என் ஓரகத்தியின் அக்கா ஒரு கேப்சூல் கொடுத்தார். அந்தக் கம்பெனியின் சங்கிலி விற்பனையில் அவருக்குக் கீழே ஐ.டி. போட்டு 12 டப்பா எடுத்தேன். இரண்டை நான் சாப்பிட்டேன், மீதியைத் தெருவில் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தேன். படபடப்பு, தூக்கமில்லை, ஒருநாள் பிரஷர் 180/110 ஏறி தஞ்சாவூரில் மூன்று நாள் ஆஸ்பத்திரி. செலவு 38,000 ரூபாய். கேட்கப் போனால் கேலி, வளைகாப்புக்குக்கூட அழைக்கவில்லை. அவரையும் கம்பெனியையும் உள்ளே தள்ள முடியுமா?

பதில்: கேலிக்கும் வளைகாப்புக்கும் எந்தச் சட்டத்திலும் பிரிவு கிடையாது. கடிதத்தில் எனக்கு வேண்டிய வரி 'மீதியைத் தெருவில் கொடுத்தேன்' என்பதுதான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மறுவிற்பனைக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். 12 டப்பாவுக்கும் ஒரே ஐ.டி.யில் ஒரே பில் இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் பக்கமே அதுவாகத்தான் இருக்கும். ஆகவே தஞ்சை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டால், நீங்கள் விழுங்கிய இரண்டு டப்பாவோடு நிறுத்துங்கள். 'என் பத்து டப்பா முதலும் போச்சு' என்று ஒரு வரி சேர்த்தாலும் மனு அங்கேயே படுத்துவிடும்.

பெரிய ஆபத்து வேறு. அதே சட்டத்தின் 86-ஆம் பிரிவு விற்றவரைப் பற்றியது. தயாரிப்பாளர் சொன்னதற்கு மேல் நீங்களாக ஓர் உத்தரவாதம் கொடுத்து அது பொய்த்தால், பொறுப்பு உங்களுடையது. தயாரிப்பாளர் யாரென்றே தெரியவில்லை, அல்லது அவர் கையில் நோட்டீஸைச் சேர்ப்பிக்க முடியவில்லை என்றாலும் விற்றவர் தலையில்தான் விடியும். வாட்ஸ்அப்பில் 'செடிதானே, பிரஷர் இருந்தாலும் சாப்பிடலாம்' என்று யாருக்காவது அனுப்பினீர்களா? அதுதான் உத்தரவாதம். ஸ்டேட்டஸில் 'பத்து நாளில் 5 கிலோ' என்று போட்டிருந்தால், உணவுப் பாதுகாப்புச் சட்டம் 53-ஆம் பிரிவில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம். விளம்பரத்தில் பங்கெடுத்தவரையும் அது விடாது. லேபிளில் சித்தா அல்லது ஆயுர்வேத மருந்து லைசென்ஸ் எண் இருந்தால் சில நோய்களுக்கு மருந்து விளம்பரம் செய்வதையே தடுக்கும் 1954-ஆம் ஆண்டு விளம்பரத் தடைச் சட்டம் வரும். உடல்பருமன் அதன் அட்டவணையிலேயே இருக்கிறது. நீங்கள் உள்ளே தள்ளச் சொல்லும் அந்த அம்மா செய்ததும் நீங்கள் செய்ததும் சட்டத்தின் கண்ணில் ஒரே வேலை.

அதனால் இன்றே தெருவில் எல்லோருக்கும் 'சாப்பிடாதீர்கள், டப்பாவைத் திருப்பிக் கொடுங்கள்' என்று எழுத்தில் அனுப்புங்கள். பழைய மெசேஜை அழிக்காதீர்கள். அவர்கள் போனில் அது இருக்கும், அழித்தது மட்டும் உங்கள் கணக்கில் ஏறும்.

அடுத்தது நிரூபணம். 'மூலிகை' என்று விற்கும் எடைக்குறைப்பு மாத்திரைகளில் சிபுட்ரமின் கலந்து பிடிபடுவது உலகெங்கும் நடப்பது. ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றும் மருந்து அது. இந்தியாவில் 2011-இல் தடை செய்யப்பட்டது. உங்கள் கதைக்குப் பொருந்துகிறது, ஆனால் பொருத்தம் சாட்சியாகாது. தெருவிலிருந்து திரும்பி வருவதில் பிரிக்காத டப்பா ஒன்று வேண்டும். ஆணையமே அதைச் சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும், கட்டணம் நீங்கள் கட்ட வேண்டும். மனுவில் 'சிபுட்ரமின் உள்ளதா' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்காததை ஆய்வகம் தேடாது. நாமே கொடுத்துப் பார்த்துவிடலாம் என்று பலர் போவார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40-ஆம் பிரிவில் வாங்கியவர் பரிசோதிக்கலாம்தான், ஆனால் வாங்கும்போதே விற்பவரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. 'டப்பாவைக் கொடுங்கள், டெஸ்ட் பண்ணித் தருகிறோம்' என்று கம்பெனி ஆள் வந்தால் கொடுக்காதீர்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் கேப்சூல் சாப்பிட்டது எழுதியிருக்கிறதா? திட்டுவார் என்று டாக்டரிடம் மறைத்திருந்தால் வழக்கில் பாதி போய்விட்டது. கேஸ் ஷீட் நகலை இப்போதே கேட்டு வாங்குங்கள்.

என் யோசனை, சமாதானம். கம்பெனிக்கு அனுப்பும் நோட்டீஸில் 38,000, இரண்டு டப்பா விலை, மீதி டப்பாக்களைத் திரும்ப எடுத்துக்கொள்வது, இவ்வளவு கேளுங்கள். லட்சக்கணக்கில் மன உளைச்சல் கேட்டால் கம்பெனி பேசவே வராது. 'பணம் தராவிட்டால் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போவேன்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். புகார் கொடுப்பது உங்கள் உரிமை. அதற்கு விலை வைத்தால் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, இப்போதைய குற்றவியல் சட்டம்) 308, மிரட்டிப் பணம் பறித்தல் என்று எதிர்ப்புகார் வரும். உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட அதிகாரியான நியமன அலுவலரிடம் புகார் கொடுப்பதானால் பேச்சுவார்த்தையோடு முடிச்சுப் போடாமல் தனியாகக் கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் 'முழுத் தீர்வு' என்று அவர்கள் எழுதிவரட்டும், பரவாயில்லை. அதோடு, நீங்கள் விற்ற பத்து டப்பாவால் பின்னால் யார் எது கேட்டாலும் கம்பெனியே பொறுப்பு என்ற வரியும் இருக்க வேண்டும். 38,000-க்கு ஆசைப்பட்டு அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போட்டால், தெருவில் அடுத்த ஆள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கம்பெனி உங்கள் ரசீதைக் காட்டி ஒதுங்கிக்கொள்ளும். பேச்சு இழுத்தாலும், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும்.