கெட்ட எண்ணம் வந்தாலே ஈமான் (இறைநம்பிக்கை) போய்விடுமா?

கேள்வி: தொழுகையில் நிற்கும்போது அல்லாஹ்வைப் பற்றி வாயால் சொல்லக் கூசும் வார்த்தைகள் மனதில் ஓடுகின்றன. ஒருநாள் என் நாத்தனார் குடும்பம் கெட்டுப்போகட்டும் என்றுகூட நினைத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் கலிமா (நம்பிக்கை உறுதிமொழி) சொல்லி, ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) செய்து, முதலிலிருந்து தொழுகிறேன். ஓதிப் பார்க்கும் ஒருவர், ஷைத்தான் பிடித்திருக்கிறது என்று சொல்லித் தாயத்துக்குப் பணம் கேட்கிறார். என் ஈமான் போய்விட்டதா?

பதில்: போகவில்லை சகோதரி. குழாயை மூடிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நபித்தோழர்கள் சிலருக்கே இந்தத் தவிப்பு இருந்தது. "வெளியே சொல்லவே பயப்படும் விஷயங்கள் எங்கள் மனதில் தோன்றுகின்றன" என்று நபி (ஸல்) அவர்களிடம் வந்து சொன்னார்கள். "அப்படியா உணர்கிறீர்கள்? அதுதான் தெளிவான ஈமான்" என்று பதில் வந்தது. 'முஸ்லிம்' என்ற தொகுப்பு நூலில் உள்ள ஹதீஸ் (நபிமொழி) இது. அந்த எண்ணத்தைக் கண்டு நீங்கள் கூசுகிறீர்களே, அந்தக் கூச்சத்தைத்தான் ஈமான் என்றார்கள். ஈமான் இல்லாதவருக்கு இதில் பதற என்ன இருக்கிறது?

சட்டமும் உங்கள் பக்கம்தான். என் சமுதாயத்தார் மனதில் ஊசலாடுவதை, அவர்கள் அதைச் செய்யாத வரை, பேசாத வரை அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்று நபியவர்கள் சொன்னதாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார். புகாரீ, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. மனதுக்குள் 'தலாக்' என்று நினைத்தால் தலாக் ஆகாது என்பதும் இதிலிருந்து வருவதுதான்.

அப்புறம் ஏன் இவ்வளவு பயம்? மேடைகளில் பாதி வசனம் ஓதுகிறார்கள், அதனால்தான். "உங்கள் உள்ளங்களில் இருப்பதை வெளிப்படுத்தினாலும் மறைத்தாலும் அல்லாஹ் அதைப் பற்றி உங்களிடம் கணக்குக் கேட்பான்" என்ற குர்ஆன் 2:284-ஐ உரக்க ஓதி, கூட்டம் விம்மியதும் இறங்கிவிடுகிறார்கள். இந்த வசனம் வந்தபோது தோழர்களும் கலங்கிப்போய் நபியவர்களிடம் மண்டியிட்டு, "இது எங்களால் முடியாது" என்றார்கள். "செவியுற்றோம், கட்டுப்பட்டோம் என்று சொல்லுங்கள்" என்று நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். அதன் பிறகுதான், எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்ற 2:286 இறங்கியது. இரண்டு வசனம் தள்ளி! அதுவரை ஓதினால் மேடைக்காரருக்கு என்ன குறைந்துவிடும்? பல வருடம் மதரஸாவில் ஓதி வந்தவர்கள்கூட அரை நிமிட வீடியோவுக்காக இதை விட்டுவிடுகிறார்கள். பயந்துபோனவர்கள் அப்புறம் எங்களிடம் வருகிறார்கள்.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் தேவை. தோன்றி மறையும் எண்ணம் வேறு, உறுதியாக முடிவெடுத்து இறங்குவது வேறு. ஒருவன் நள்ளிரவில் கடைப் பூட்டை உடைக்கக் கம்பியோடு போகிறான். தெருமுனையில் போலீஸ் ஜீப் வெளிச்சம். திரும்பிவிடுகிறான். "நான் மனதில் நினைத்ததோடு சரி" என்று அவன் சொல்ல முடியாது. இரண்டு முஸ்லிம்கள் வாளோடு மோதினால் கொன்றவரும் கொல்லப்பட்டவரும் நரகத்தில் என்ற ஹதீஸ் தெரியும் அல்லவா? கொல்லப்பட்டவர் ஏன் என்று கேட்டதற்கு, "அவரும் தன் தோழரைக் கொல்லத் துடித்தவர்தானே" என்றார்கள். அதே திருடன் ஜீப் எதுவும் வராமலே, அல்லாஹ்வுக்குப் பயந்து பூட்டில் வைத்த கையை எடுத்திருந்தால்? அவனுக்கு ஒரு முழு நன்மை எழுதப்படுகிறது. இருவரும் வெறுங்கையோடுதான் வீடு திரும்புகிறார்கள், ஆனால் ஏடு வேறு. எது தடுத்தது என்பதுதான் கணக்கு.

உங்கள் நாத்தனார் விஷயத்துக்கு வருவோம். மின்னல்போல வந்து போனதா? விட்டுவிடுங்கள். அவர் குடும்பத்தைக் கெடுக்க யாரிடமாவது பேசினீர்களா, ஏதாவது வழி செய்தீர்களா? அப்படியானால் அது எண்ணமே இல்லை, செயல். அல்லாஹ்விடம் வருந்தி மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்யுங்கள், பேசியதைத் திருத்துங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

இனி அந்தத் தாயத்துக்காரர். ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஒருமுறை என்னிடம் வந்த இளைஞர் மூன்று பேரிடம் மூன்று தாயத்து வாங்கியிருந்தார். ஒவ்வொருவரும் முந்தைய தாயத்தைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது ஆள், முதல் ஆள்தான் சூனியம் வைத்தார் என்றாராம். கேட்கிற நமக்குச் சிரிப்பு வரலாம், அந்தப் பிள்ளை சாப்பாடே இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

மார்க்கம் சொல்லும் மருந்துக்குச் செலவே இல்லை. "உன் இறைவனைப் படைத்தது யார்" என்று ஷைத்தான் கேட்கும் இடத்துக்கு வந்துவிட்டால், அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி, அத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள் நபியவர்கள். முதல் பாதியை எல்லோரும் செய்கிறோம். 'நிறுத்து' என்பதைத்தான் யாரும் செய்வதில்லை. எண்ணத்தோடு வாதாடாதீர்கள். அதை அழிக்கக் கலிமாவைத் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். சொல்லச் சொல்ல அது வளரும். ஒளுவில் உறுப்புகளை மூன்று முறைக்கு மேல் கழுவுவதே அத்துமீறல். தொழுகையில் எண்ணம் வந்தால் தொழுகை முறியாது. அது ஓடட்டும், நீங்கள் குனிந்து ருகூவுக்குப் போங்கள்.

பல வாரம் இப்படிச் செய்தும் விடவில்லையா? மனநல மருத்துவரிடம் போங்கள். இது ஓ.சி.டி. (வேண்டாத எண்ணமும் அதற்கான செயலும் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் மனநலக் குறைபாடு) ஆக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. அங்கே போவது ஈமான் குறைவு என்று சொல்பவர் தன் பல்வலிக்கு யாரிடம் போகிறார் என்று கேளுங்கள்.

நேற்று வரை திருப்பித் தொழுததை எண்ண வேண்டாம், ஈடுசெய்ய வேண்டிய களாத் தொழுகை எதுவும் இல்லை. இன்றைய இரவுத் தொழுகையான இஷாவை ஒரே ஒருமுறை தொழுதுவிட்டுப் படுங்கள்.