பழைய காற்றாலைக்கு ‘பிரீக்வன்சி கருவி’ மாட்ட வேண்டுமா?

கேள்வி: கயத்தாறு பக்கம் 250 கிலோவாட் பழைய காற்றாலை ஒன்று வைத்திருக்கிறேன். அது கிரிட்டின் (மின் கட்டமைப்பின்) அதிர்வெண்ணை, அதாவது பிரீக்வன்சியை, கெடுக்கிறது, கருவி மாட்டாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள் என்கிறார் ஒரு ஏஜென்ட். மாட்டத்தான் வேண்டுமா?

பதில்: முன்பணம் எதுவும் கொடுத்துவிடவில்லையே? கொடுக்காதீர்கள்.

மின்தேவை உற்பத்தியை மிஞ்சினால் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கும், உற்பத்தி மிஞ்சினால் ஏறும். நம் நாட்டில் 49.90-க்கும் 50.05-க்கும் நடுவே இருக்க வேண்டும். நாடு முழுக்க ஒரே கிரிட், அதை உங்கள் 250 கிலோவாட் அசைத்துவிடாது. சொல்லப்போனால் உங்களுடையது மாதிரி பழைய மெஷின்களில் ஜெனரேட்டர் நேராகக் கிரிட்டோடு பிணைந்திருப்பதால், அதிர்வெண் சட்டென்று விழும்போது இறக்கையும் ரோட்டாரும் லேசாக வேகம் குறைந்து அந்த ஆற்றலைத் தானாகவே கிரிட்டுக்குக் கொடுத்துவிடும். துளி உதவிதான், ஆனால் உதவி. புதிய மெஷின்களில் நடுவே மின்சாரத்தை மாற்றித் தரும் கன்வெர்ட்டர் என்ற மின்னணுக் கருவி இருப்பதால் மென்பொருளில் அமைத்தால்தான் இது நடக்கும். அதிர்வெண்ணுக்கு ஏற்ப உற்பத்தியை மாற்றும் வசதி வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2019-ல் கொண்டுவந்த விதியும் 10 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதிய நிலையங்களுக்குத்தான்.

அந்தப் புதியவையும் எப்போதும் கைகொடுக்காது, இதை யாரும் விளக்குவதில்லை. அதிர்வெண் ஏறினால் இறக்கையைத் திருப்பி உற்பத்தியைக் குறைப்பது சுலபம். விழும்போது கூடுதலாகத் தரத்தான் சிக்கல், காற்றை வரவழைக்க முடியாதே. சுழலும் ரோட்டாரிலிருந்து சில நொடிகளுக்கு எடுக்கலாம், ஆனால் அது கைமாற்றுக் கடன்: வேகம் இழந்த ரோட்டார் மறுபடி வேகம் பிடிக்க உற்பத்தியைக் குறைக்கும், எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் குறைத்தால் அதிர்வெண் இரண்டாவது முறை சரியும். நிலையான உதவி வேண்டுமென்றால் முன்கூட்டியே கொஞ்சம் குறைத்து ஓட்டி, மிச்சத்தைக் கையிருப்பாக வைக்க வேண்டும். அந்த நஷ்டத்தை யார் தருவது?

இதில்தான் எனக்கு எரிச்சல். சீசனில் காற்று அள்ளிக்கொண்டு வரும்போது ‘பேக்டவுன்’ என்று மெஷினையே நிறுத்தச் சொல்கிறார்கள். எப்படியும் வீணாகும் யூனிட்தான், குறைத்து ஓட அனுமதித்து அதைக் கையிருப்பாகக் கணக்கில் எடுத்து ஒரு தொகை கொடுத்தால் என்ன? வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டே இருக்கிறோம்.

சரி, உங்கள் ஏஜென்ட்டுக்கு வருவோம். இப்படி விற்கிற பெட்டியைத் திறந்தால் பல சமயம் சாதாரண கெபாசிட்டர் பேனல்தான் இருக்கும். அதற்கும் அதிர்வெண்ணுக்கும் சம்பந்தமில்லை, அது ரியாக்டிவ் பவருக்கு, அதாவது ஜெனரேட்டர் தன் காந்தப்புலத்துக்காகக் கிரிட்டிலிருந்து இழுக்கும் சக்திக்கு. எந்த விதி, எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள், அப்புறம் திருநெல்வேலியில் மின்வாரியத்தின் மரபுசாரா எரிசக்திப் பிரிவில் காட்டி விசாரியுங்கள். துண்டிப்பு நோட்டீஸ் வந்தால் வாரியத்திலிருந்துதான் வரும். செலவு செய்தே ஆகணும் என்றால் மாதாந்திரக் கணக்கில் ரியாக்டிவ் கட்டணம் ஏறுகிறதா பாருங்கள், ஏறினால் உங்கள் பேனலில் செத்துப்போன கெபாசிட்டர்களை மட்டும் மாற்றினால் போதும்.